ஆறு சந்திப்பில் முடிந்த பிள்ளைகள்

புதுப் படிவத்தைக் கொண்டுவந்து தந்தவர் கிளெமென்ற். 1999ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது நிலையம். படியேறி வந்த களைப்போடு கதிரையில் இருந்தவர், கனகேஸ்வரி கொடுத்த பிளேன்ரீயைக் குடித்து முடித்த பிறகுதான் பையைத் திறந்தார்.

"அக்கா, கோவிக்கப்படாது. இது மேலிடத்துத் தீர்மானம்" என்றார்.

கிளெமென்ற் கொட்டாஞ்சேனைக்காரர். நிலையத்துக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்தில் திட்ட அலுவலர். போரில் அடிபட்ட பிள்ளைகளுக்கு மனஆறுதல் கொடுக்க அந்த நிறுவனம் நாட்டில் நாலு இடத்தில் உளவளத்துணை நிலையம் நடத்தியது. வெள்ளவத்தை, புத்தளம், வவுனியா, காத்தான்குடி. மூன்று வருசமாகப் பணம் ஒழுங்காக வந்தது. இனி அது வேறு மாதிரி வரும் என்பதைத்தான் அந்தப் படிவம் சொன்னது.

கனகேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். ஒரு பிள்ளைக்கு ஆறு சந்திப்பு. ஆறாவது சந்திப்போடு அந்தப் பிள்ளையின் பைல் 'முடிவுற்றது' என்று மூடப்பட வேண்டும். அடுத்த வருசம் எந்த நிலையத்துக்கு எவ்வளவு பணம் என்பது, அது மூடிய பைல்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும்.

"ஆறு எண்டு ஆர் சொன்னது?"

"வேற நாட்டில எங்கயோ செய்து பாத்தவையாம். ஆறு காணுமாம்."

"எங்கட பிள்ளையள் மாதிரி அங்கயும் லொட்ஜிலயோ இருக்கினம்?"

கிளெமென்ற் வெறும் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கனகேஸ்வரி உளவளத்துணை படித்தவளல்ல. யாழ்ப்பாணத்தில் கல்விக் கந்தோர் ஒன்றில் பதினெட்டு வருசம் கிளாக்காக இருந்தவள். தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பி ஓடியபோது எழும்பி, கிளாலியும் வவுனியாவும் கடந்து கொழும்புக்கு வந்தவள். கணவர் பாலசுந்தரம் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்ரோர்ஸ் கிளாக். பிள்ளைகளோடு கதைப்பது பைறோஸாவின் வேலை. கதவைத் திறப்பது, பெயர் பதிவது, பைல் அடுக்குவது, வாடகை கட்டுவது, மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை அனுப்புவது, இவையெல்லாம் கனகேஸ்வரியின் வேலை. அதை அவள் குறையாக நினைத்ததில்லை. தன் பைல்களில் ஒரு தாள்கூட இடம்மாறியதில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

பைறோஸா தெஹிவளையிலிருந்து வருகிறவள். முப்பத்து நாலு வயது. இந்தியாவில் படித்துவிட்டு வந்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்திருந்தாள். படிவத்தை வாசித்துவிட்டு அவள் சிரித்தாள். சந்தோசச் சிரிப்பல்ல.

"கனகா அக்கா, ஆறு நாளைக்குள்ள ஒரு புள்ள என்ட முகத்த நேராப் பாத்தாலே பெரிய விசயம். ஆறோட மூடச் சொன்னா, தொறந்து வெச்ச காயத்த மூடாம அனுப்புற மாதிரி. தொறக்காமலே விட்டா அதவிட நல்லம்."

அன்றைக்கே இருவரும் இருந்து ஒரு கடிதம் எழுதினார்கள். பைறோஸா சொல்ல, கனகேஸ்வரி ஆங்கிலத்தில் ரைப் பண்ணினாள். இரண்டு கிழமையில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, அது கவனத்தில் எடுக்கப்படும் என்று மூன்று வரி.

அந்த நேரத்தில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். அவர்களில் இருபத்தொன்பது பேர் ஆறைத் தாண்டியிருந்தார்கள்.

வதனி பதினேழு முறை வந்திருந்தாள். பதினைந்து வயசு. தாய் சிவமணியோடு, நிலையத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு லொட்ஜில் இருந்தாள். தகப்பன் கனடாவில். ஸ்பொன்சர் அலுவல் இரண்டு வருசமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. முந்தின வருசம் ஒருநாள் விடியற்காலை நடந்த சுற்றிவளைப்பில், வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு காலாவதியாகிவிட்டதென்று தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போய், மகளைத் தனியாக வேறொரு அறையில் வைத்திருந்தார்கள். இரண்டு நாள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். அங்கே என்ன நடந்ததென்று வதனி ஒருவருக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பிறகு கதைப்பதையும் நிறுத்தினாள். தாயின் காதுக்குள் மட்டும், அதுவும் தேவைக்கு, இரண்டொரு சொல்.

அவளுக்கு வியாழக்கிழமை மூன்று மணி. ஆனால் இரண்டு மணிக்கே வந்துவிடுவாள். லொட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ்கள். வேறு எங்கே போவது? முன்னறையில் கிடந்த நீள மரவாங்கில் இருந்து கனகேஸ்வரி ரைப் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கனகேஸ்வரி அவளோடு கதைக்க முயன்றதில்லை. ஒரு பிஸ்கட்டைத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஒருநாள் வதனி எழுந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். ரைப் அடித்த தாளில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். 'உளவளத்துணை'யில் ஒரு 'த்' விடுபட்டிருந்தது. திருத்தியதும் போய் வாங்கில் இருந்துகொண்டாள். அன்று பின்னேரம் அதைக் கேட்ட பைறோஸா, மூன்று மாதமாகத் தான் காத்திருந்தது இதற்குத்தான் என்பதுபோல நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

இந்தப் பிள்ளையின் பைலைத்தான் ஆறோடு மூட வேண்டும்.

பங்குனியில் கிளெமென்ற் மறுபடி வந்தபோது கனகேஸ்வரி இருபத்தொன்பது பைலையும் மேசையில் அடுக்கிக் காட்டினாள். "இதில எதை மூட? நீங்களே எடுத்துத் தாங்கோ."

அவர் தொடவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தார். கடற்கரை ரெயில் போனதில் யன்னல் சட்டங்கள் அதிர்ந்து அடங்கின.

"அக்கா, படிவத்தில பிள்ளையின்ர பேர் இல்லைத்தானே. பாதுகாப்புக்கெண்டு முதலெழுத்தும் இலக்கமும் மட்டும். ஒரு பைலை மூடிப்போட்டு இன்னொரு பைல் திறக்கப்படாது எண்டு எங்கயும் எழுதியில்லை." அதைச் சொன்னபோது அவர் அவளைப் பார்க்கவில்லை.

மூன்று பின்னேரம் அந்த வேலை எடுத்தது. ஆறு சந்திப்புக்கு ஒரு பைல். பழைய பைலை மூடி, மேலே சிவப்பு முத்திரை குத்தி, புதுப் பைலுக்குப் புது இலக்கம் போட்டாள். முதலெழுத்துகளை இடம்மாற்றினாள். வதனி முதலில் ச.வ. ஆனாள், பிறகு வ.ச. ஆனாள், பிறகு சி.வ. பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்ற எண்ணம் அவளுக்கு உறுதியாக இருந்தது. யாருடைய காசையும் அவள் எடுக்கவில்லை. பிள்ளைகள் வருகிறார்கள், பைறோஸா அவர்களோடு இருக்கிறாள், எல்லாம் உண்மை. கணக்கு மட்டும்தான் வேறு. பைறோஸாவுக்கு அவள் சொல்லவில்லை. பைறோஸா தன் குறிப்புகளைத் தன் கொப்பியில் எழுதுகிறவள், பைல் அலுமாரிப் பக்கம் வருவதேயில்லை.

ஆனி மாத அறிக்கை போனபோது வெள்ளவத்தையில் தொண்ணூற்றாறு பிள்ளைகள் ஆறு சந்திப்பில் முடிவுற்றிருந்தார்கள்.

ஆவணியில் நாலு நிலையங்களையும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். கறுவாத்தோட்டத்தில் அந்த நிறுவனத்தின் அலுவலகம். இரண்டு நாள் கூட்டம். பைறோஸாவுக்கு நிலையத்தில் பார்க்க வேண்டிய பிள்ளைகள் இருந்ததால் கனகேஸ்வரி மட்டும் போனாள். குளிரூட்டிய அறை, நீள மேசை, ஒவ்வொரு கதிரைக்கு முன்னும் பென்சிலும் வெள்ளைத் தாளும். பணிப்பாளர் இங்க்ரிட் என்ற வெளிநாட்டுப் பெண். ஐம்பது வயதிருக்கும். வேலையை மனதோடு செய்கிறவள் என்று பார்த்தாலே தெரியும். முதல் நாள் காலை அவள் சுவரில் ஒரு படம் காட்டினாள். நாலு கம்பங்கள். மூன்று குட்டை, ஒன்று நெட்டை. புத்தளம் முப்பத்தொன்று, வவுனியா இருபத்தாறு, காத்தான்குடி இருபத்திரண்டு, வெள்ளவத்தை தொண்ணூற்றாறு.

"முதலில் எனக்கும் சந்தேகமிருந்தது. ஆறு போதாது என்று எல்லோரும் எழுதினீர்கள். வெள்ளவத்தையும் எழுதியது. ஆனால் வெள்ளவத்தை செய்து காட்டியிருக்கிறது" என்று இங்க்ரிட் ஆங்கிலத்தில் சொன்னாள். "இந்த வருசம் பரீட்சித்துத்தான் பார்த்தோம். ஆகவே வருகிற வருசத்திலிருந்து ஆறு என்பது நாலு இடத்துக்கும் கட்டாயம். மிச்சம் பிடிக்கும் பணத்தில் இன்னும் இரண்டு ஊரில் நிலையம் திறக்கலாம். நாளைக்கு அதைத் தீர்மானமாக எழுதுவோம்."

எல்லோரும் கனகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். கிளெமென்ற் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

தேநீர் நேரத்தில் ஒரு பெண் அவளிடம் வந்தாள். காத்தான்குடி நிலையத்தை நடத்தும் பஹ்மியா. இரவு முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கையில் கொப்பியும் பேனாவும்.

"அக்கா, நீங்க எப்படிச் செய்யுறீங்கண்டு எனக்கும் சொல்லித் தாங்களன். எங்கட இடத்தில ஒரு புள்ள இருக்கு, எட்டு வயசு. பத்து மாசமா வருது. உம்மாட முந்தானைய விட்டுப்போட்டு உள்ளுக்கு வாறத்துக்கு அதுக்கு ஏழு மாசம் எடுத்திச்சி. இப்பதான் மண்ணில விளையாடத் தொடங்கியிருக்கு. நான் என்னமோ பிழையாத்தான் செய்யிறன். நீங்க ஆறுக்குள்ள முடிச்சிருக்கீங்க. என்ன முறை அது?"

பேனா மூடியைக் கழற்றி, எழுதத் தயாராக நின்றாள். கனகேஸ்வரி "பிறகு சொல்லுறன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். பஹ்மியா அதைத் தவறாக எடுக்கவில்லை. "நாளைக்கும் இருப்பீங்கதானே" என்றாள்.

மத்தியானத்துக்குப் பிறகு நடந்த எதுவும் கனகேஸ்வரியின் காதில் விழவில்லை. அதுவரை தன் நாற்பத்தொரு பிள்ளைகளை மட்டுமே அவள் நினைத்திருந்தாள். தான் எழுதிய இலக்கம் மாடிப்படி இறங்கி, ரெயில் ஏறி, காத்தான்குடியில் ஒரு பிள்ளையை மண் விளையாட்டிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பும் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தெஹிவளைக்கு பஸ் ஏறினாள். பைறோஸா அப்போதுதான் பின்னேர அஸர்த் தொழுகையை முடித்துவிட்டு எழுந்திருந்தாள். தாய் லுத்பியா கொண்டுவந்து வைத்த வட்டிலப்பத்தைத் தொடாமல், கனகேஸ்வரி நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். பைறோஸா எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"அந்த யோசினை ஆருட?"

"முத்திரை குத்தினது நான். அதைக் கேளுங்கோ."

"என்னட்டச் சொல்லியிருந்தா?"

"நீங்கள் விட்டிருக்க மாட்டியள்."

"ஓ. விட்டிருக்க மாட்டேன்." பைறோஸா எழுந்து யன்னல் பக்கம் போனாள். குரல் உயரவில்லை. ஆனால் கனகேஸ்வரி அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு கடினம் அதில் இருந்தது. "அந்தப் புள்ளைங்க என்னை நம்பித்தான் வாராங்க. ஆறுல சரியாப்போச்சுன்னு அவங்கட பேர்ல நீங்க எழுதி வெச்சிரிக்கீங்க. வதனிக்குச் சரியாப்போச்சா?"

வெளியே பள்ளிக்கூட வான் ஒன்று நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது.

"நாளைக்குச் சொல்லப்போறன். நிலையத்தை மூடிப்போடுவினம். உங்கட வேலையும் போகும். அதைத்தான் சொல்ல வந்தனான்" என்றாள் கனகேஸ்வரி.

பைறோஸா திரும்பி வந்து முன்னால் இருந்தாள். "சொல்லுங்க. ஆனா வெறுங்கையோட போக வேணாம். எத்தன புள்ள, எத்தன நாள் வந்திச்சி, எப்ப கதைக்கத் தொடங்கிச்சி, எல்லாம் என்ட கொப்பியில இரிக்கி. பேர் இல்லாம எழுதுவோம்." அவள் கொப்பிகளை எடுத்து வந்தாள். லுத்பியா மேசையைத் துடைத்துக் கொடுத்தாள். ஒரு தாள்தான். அதை எழுதி முடித்தபோது தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

வீட்டில் பாலசுந்தரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இரண்டு பேற்ற சம்பளத்திலதான் இந்த வீட்டு வாடகை போகுது. அது உனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "காலமை எத்தினை மணிக்குக் கூட்டம்? நான் அரை நாள் லீவு போட்டிட்டு வந்து வாசலில நிக்கிறன்" என்றார்.

மறுநாள் இங்க்ரிட் தீர்மானத்தை வாசிக்க எழுந்தபோது கனகேஸ்வரியும் எழுந்தாள். ஆங்கிலத்தில்தான் தொடங்கினாள். கந்தோர் ஆங்கிலம். கடிதம் எழுதப் போதும், இதற்குப் போதவில்லை. இரண்டாவது வசனத்தில் தடுமாறி நின்றாள். "தமிழில சொல்லுங்கோ அக்கா, நான் மாத்திச் சொல்லுறன்" என்று கிளெமென்ற் எழும்பினார்.

"வெள்ளவத்தையில தொண்ணூற்றாறு பிள்ளையள் இல்லை. நாற்பத்தொரு பேர்தான். ஆறில முடிஞ்ச பிள்ளையள் பன்னிரண்டு. அதுவும் அதில அஞ்சு பேர் வெளிநாட்டுக்குப் போனதால நிண்டவை. மிச்சப் பேரை நான் பைலில ரண்டாக்கி, மூண்டாக்கி எழுதினனான். எங்கட இலக்கத்தைப் பாத்து மற்ற இடத்துப் பிள்ளையளை நிப்பாட்டிப் போடாதேங்கோ. அது பொய் இலக்கம்."

கிளெமென்ற் ஒவ்வொரு வசனமாக மாற்றிச் சொன்னார். கடைசி வசனத்துக்குப் பிறகு அவர் கதிரையில் இருந்துவிடவில்லை. ஆங்கிலத்தில் தன் பங்குக்கு ஒரு வசனம் சேர்த்தார். அப்படிச் செய்யலாமென்று இவருக்குச் சொன்னவன் நான் என்று. கனகேஸ்வரி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

இங்க்ரிட்டின் முகம் சிவந்திருந்தது.

"ஏன் முதலே என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னனாங்கள். கடிதம் எழுதினனாங்கள். நன்றி எண்டு பதில் வந்தது."

அது குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல. நடந்தது அதுதான். கனகேஸ்வரி மேசையைச் சுற்றிப் போய் அந்தத் தாளை இங்க்ரிட்டின் முன் வைத்தாள். ஒவ்வொரு வரியும் ஒரு பிள்ளை. எத்தனை முறை வந்தது, எத்தனையாவது முறையில் முதற்சொல் பேசியது, எப்போது பள்ளிக்கூடம் திரும்பியது. சில வரிகளில் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. இங்க்ரிட் மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தாள். பிறகு பஹ்மியாவைப் பார்த்து, "உங்களிடமும் இப்படி ஒரு தாள் எழுத முடியுமா?" என்று கேட்டாள்.

"எழுதலாம் மெடம். ஒருத்தரும் கேக்கல்ல, அதான் எழுதல்ல" என்றாள் பஹ்மியா.

தீர்மானம் அன்று எழுதப்படவில்லை. மத்தியானம் கனகேஸ்வரி படியிறங்கியபோது பஹ்மியா பின்னால் ஓடி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் கனகேஸ்வரி. அவள் திட்டவில்லை. "நேத்து ராவெல்லாம் நான் அழுதது உங்களுக்குத் தெரியா. என்ட வேலை எனக்கு ஏலாதாக்கும் எண்டு நினைச்சன்" என்று சொல்லிவிட்டு, கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். வாசலுக்கு எதிரே மரநிழலில் பாலசுந்தரம் குடையோடு நின்றார்.

முடிவு ஐப்பசியில் வந்தது. ஆறு என்ற விதியை ஒரு வருசத்துக்கு நிறுத்தி வைக்கிறார்கள். பணம் இனி மூடிய பைலைப் பார்த்தல்ல, நிலையம் திறந்திருக்கும் நாட்களையும் வேலை செய்கிற ஆட்களையும் பார்த்துக் கொடுக்கப்படும். பிள்ளைகளின் நிலையை அந்தத் தாளைப்போல ஒரு படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இது மூன்று நிலையங்களுக்கு. பொய்யறிக்கை அனுப்பிய நிலையத்துக்குத் தொடர்ந்து பணம் கொடுக்கத் தலைமையகத்தின் சட்டம் இடங்கொடாது. வெள்ளவத்தை நிலையம் மார்கழி முப்பத்தோராம் திகதியோடு மூடப்படும். கிளெமென்றுக்கு எச்சரிக்கைக் கடிதமும், சம்பள உயர்வு நிறுத்தமும். கடிதத்தின் அடியில் இங்க்ரிட் பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தாள். வேறு விதமாகச் செய்ய முயன்றேன், முடியவில்லை, வருந்துகிறேன் என்று.

கனகேஸ்வரிக்கு அதில் கோபம் வரவில்லை. நியாயம் என்றுதான் பட்டது. ஆனால் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நிலையம் மூடுகிறது என்பதை மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகளின் பெயரில் தான் செய்ததையும். அது வேண்டாமென்று பைறோஸா தடுக்கவில்லை. தானும் கூட வந்தாள்.

பெரும்பாலானோர் பெரிதாக எடுக்கவில்லை. வதனியின் தாய் சிவமணிதான் வெளிறிப்போனாள். கட்டில் விளிம்பில் இருந்தவள் எழும்பிக் கதவைச் சாத்தினாள்.

"என்ர பிள்ளையை வேற வேற ஆளாய்ப் பதிஞ்சனீங்களோ? பொலிஸ் வந்து அந்தக் கடதாசியைப் பாத்தால்? ஒரு பதிவு பிந்தினதுக்கே இரண்டு நாள் வைச்சவங்கள். இந்தப் பதிவெல்லாம் ஆற்றை எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?"

கனகேஸ்வரி இதை நினைத்துப் பார்த்ததில்லை. முழுப்பெயரோ விலாசமோ எங்கும் இல்லை, அந்தப் பைல்களை நாளைக்கே உங்கள் முன்னால் கிழித்துவிடுகிறேன் என்றாள். சிவமணி அழத் தொடங்கினாள். அந்தச் சின்ன அறையில் நாலு பெண்கள், ஒருவரை ஒருவர் இடிக்காமல் நிற்க இடமில்லை.

வதனி யன்னலோரம் சூட்கேஸின் மேல் இருந்தாள். அதுவரை அவள் நிலையத்துக்கு முப்பத்தெட்டு முறை வந்திருந்தாள். சில மாதமாகப் பைறோஸாவோடு சின்னச் சின்னதாகக் கதைக்கத் தொடங்கியிருந்தாள். கனகேஸ்வரியோடு இல்லை.

"அன்ரி" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"இப்ப நான் எத்தினை பேர்?"

கனகேஸ்வரி பொய் சொல்லவில்லை. "அஞ்சு பேரம்மா."

வதனி யோசித்தாள். "அஞ்சு பேருமோ கதைக்காமல் இருந்தவை?"

பைறோஸாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. வதனியின் உதடு கோணி, பிறகு அவளும் சிரித்தாள். சத்தமில்லாத, பழக்கமில்லாத சிரிப்பு. சிவமணி கண்ணீரோடு மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் வேறு ஆட்களுக்கு முன்னால் சிரித்து ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது.

தை மாதத்திலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கக் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை கிடைத்தது. கிளெமென்றின் பங்குத் தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஞாயிறு மறைக்கல்வி நடக்கும் மண்டபத்தின் பின்னறை. சனிக்கிழமை முழுநாளும், புதன்கிழமை பின்னேரமும். பங்குச் சுவாமியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவர் கிளெமென்ற். பைறோஸா மற்ற நாட்களில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், இங்கே சம்பளமில்லை. கனகேஸ்வரிக்குப் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் ரைப்பிஸ்ட் வேலை. சம்பளம் முந்தினதிலும் குறைவு. அவளும் பாலசுந்தரமும் ஒரு சின்ன அறைக்கு மாறினார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ், இடையில் இரண்டு மூன்று சோதனைச்சாவடி. ஒவ்வொன்றிலும் இறங்கி அடையாள அட்டை காட்டிப் பையைத் திறக்க வேண்டும். நாற்பத்தொரு பேரில் பதினெட்டுப் பேர்தான் வந்தார்கள். வராதவர்களின் பட்டியலைக் கனகேஸ்வரி வைத்திருந்தாள். முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய வீடுகளுக்குப் போய்ப் பார்த்தாள். சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒரு பிள்ளை கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டது. அதைப் பற்றி அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது அவளுக்குள் ஆறாமலே இருந்தது.

சிவமணி முதலில் மாட்டேன் என்றாள். சோதனைச்சாவடியில் மகளை மறுபடி இறக்கிவிட்டால் என்ற பயம். "நான் தனியப் போய் வாறன்" என்று வதனி சொன்னதில்தான் தாய் பயந்துபோய் கூட வரச் சம்மதித்தாள்.

கொட்டாஞ்சேனையில் ஒருவரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களல்ல, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். குண்டு வெடித்த நாளிலிருந்து பஸ் ஏற மறுக்கும் பிள்ளை. எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்ததைத் தாய் சொல்லிச் சொல்லியே தூக்கம் கெட்ட பிள்ளை. நளீபா என்ற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்று, "இங்க எங்கட புள்ளைங்களயும் பாப்பாங்களா?" என்று கேட்டாள். கனகேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டாள்.

அடுத்த வருசம் அந்தப் பகுதி வர்த்தகர் சிலரும், வேறொரு சிறிய அமைப்பும் மின்சாரத்துக்கும் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் உதவ முன்வந்தார்கள். எத்தனை பிள்ளைகளைக் குணமாக்கினீர்கள் என்று அந்த அமைப்பின் பிரதிநிதி கேட்டபோது, கனகேஸ்வரி அலுமாரியைத் திறக்கவில்லை. "குணமானது எத்தினை எண்டு எங்களுக்குத் தெரியாது. வாற பிள்ளையள் எத்தினை எண்டு சொல்லுவன். அது காணுமெண்டால் தாங்கோ" என்றாள். அவர் யோசித்துவிட்டு, கேட்டதில் பாதியைத் தந்தார்.

பஹ்மியா அதற்கு முந்தின மார்கழியில், நத்தாருக்கு முன் ஒரு கடிதம் போட்டிருந்தாள். காத்தான்குடி நிலையம் நடக்கிறது என்றும், அந்த எட்டு வயசுப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது என்றும்.

வதனி சித்திரைக்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் வகுப்பில் சேர்ந்தாள். கணிதம் மட்டும், கிழமையில் இரண்டு நாள். கடைசி வாங்கு, கதவோரம். முதல் மூன்று கிழமை சிவமணி வகுப்பு முடியும்வரை வெளியே நடைபாதையில் நின்றாள். நாலாவது கிழமை சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து, மகள் இறங்கி வரும் நேரத்துக்குச் சரியாகப் படியடியில் நின்றாள்.